கம்பி வைக்காத காது

மட்கார்டுக்குக் காது உண்டு என்பது வண்டி வைத்திருப்பவர்களிலேயே பாதிப் பேருக்குத் தெரியாது. முன்சக்கரத்துக்கு மேலே குடை மாதிரிக் கவிழ்ந்திருக்கிறதே, அதன் இரண்டு பக்கமும் ஓட்டை போட்ட சின்னச் சின்ன நீட்டல்கள் இருக்கும். அந்த ஓட்டை வழியாகத்தான் போல்ட் போய் மட்கார்டை முன்சக்கரத்து ஃபோர்க்கோடு பிடித்துக்கொள்கிறது. கம்பெனிக்காரன் அதற்கு என்ன பெயர் வைத்திருக்கிறானோ, எங்கள் தொழிலில் அது காது. "காது போயிடுச்சு", "காது ஆடுது", "ஒரு காது இல்லாமலே ஓட்டிட்டிருக்கேன்" என்றுதான் வந்து நிற்பார்கள். புதிதாகக் கேட்பவர்கள் உடனே ஆளின் காதைப் பார்ப்பார்கள்.

நீங்களும் பார்த்தீர்கள். பரவாயில்லை.

இதை முதலிலேயே சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நீங்கள் "மட்கார்டு கழன்று" என்று எழுதியிருக்கிறீர்கள். கழலவில்லை சார், காது உடைந்தது. கழன்றால் அது போல்ட்டின் தப்பு, உடைந்தால் காதின் தப்பு. முடிந்தால் அதை மட்டும் திருத்திவிடுங்கள். மற்றதெல்லாம் நீங்கள் எழுதியிருக்கிறபடியே இருக்கட்டும்.

டயர் கடைக்குப் பின்னால் இருக்கிற சந்தில் என் கடை. உள்ளே நுழைந்தால் தலைக்கு மேலே உடைந்த பம்பரும் மட்கார்டும் தொங்கும். உயரமானவர்கள் குனிந்துதான் வர வேண்டும். உடைந்த பிளாஸ்டிக்கை ஒட்டுவதுதான் வேலை. ஒட்டுவது என்றால் பசை தடவி அமுக்குவது இல்லை. முதலில் விரிசலின் நுனியில் ஒரு பொடி ஓட்டை போட வேண்டும், அப்போதுதான் விரிசல் மேற்கொண்டு ஓடாது. அப்புறம் விரிசலைப் பள்ளமாகக் கீறி, உள்ளே மெல்லிய கம்பி வலையை வைத்து, சால்டரிங் அயர்னால் சூடாக்கி அமுக்கி இறக்க வேண்டும். அதன்மேல் அதே இனத்துப் பிளாஸ்டிக்கை உருக்கி விட வேண்டும். அதே இனம் என்பது முக்கியம். சேராததைக் கொண்டுவந்து சேர்த்தால் பார்வைக்கு ஒட்டினது போலத்தான் இருக்கும். கம்பி வைத்து ஒட்டின காது, கம்பெனி காதைவிட உழைக்கும். நான் ஒட்டிய காது இரண்டாம் தடவை உடைந்து வந்ததாகச் சரித்திரம் இல்லை. சந்தில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள். என்னைப் பிடிக்காதவர்களைக் கூடக் கேளுங்கள்.

என் மனைவி அவள் அண்ணன் வீட்டில் இருக்கிறாள். எங்களுக்குள் சண்டை ஒன்றும் இல்லை. பெயின்ட்டில் கலக்கிற தின்னர் வாசனை ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்லிவிட்டுப் போனாள். மகள் அப்போது பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாள். இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது.

அதனால் கடையில் நானும் மகளும்தான். பெயின்ட் கலக்குவது அவள் வேலை. சிவப்பு என்றால் எல்லோருக்கும் ஒரு சிவப்புதான். அவளுக்கு அப்படி இல்லை. வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, "இது நிழல்ல நிக்கிற வண்டிப்பா, வெளுக்கவே இல்ல" என்பாள். அல்லது, "இடது பக்கம் மட்டும் வெயில் பட்டிருக்கு, ரெண்டு பக்கத்துக்கும் ஒரே பெயின்ட் அடிச்சா அசிங்கமா இருக்கும்" என்பாள். அவள் கலந்து நான் அடித்தால், எங்கே உடைந்தது என்று சொந்தக்காரனாலேயே காட்ட முடியாது. நான் ஒட்டி முடித்ததும் அடிப்பக்கத்தைக் கட்டைவிரலால் ஒரு தடவு தடவிப் பார்ப்பாள். கம்பி வலையின் கட்டம் கட்டமான தடம் லேசாகத் தட்டுப்படும். தட்டுப்பட்டால் தலையாட்டுவாள். அந்தத் தலையாட்டலுக்காகவே நான் ஒழுங்காக வேலை செய்தேன் என்று சொன்னாலும் தப்பில்லை.

மாப்பிள்ளை முதலில் கடைக்கு வந்தது ஒரு காதைத் தூக்கிக்கொண்டுதான். அவருக்கு வாட்டர் ஃபில்டர் கம்பெனியில் சர்வீஸ் வேலை, வீடு வீடாகப் போக வேண்டும், வண்டிதான் எல்லாம். ஒட்டிக் கொடுத்தேன். அடுத்த வாரமும் வந்தார், "காது லேசா ஆடுற மாதிரி இருக்கு" என்றார். நான் ஒட்டிய காது ஆடாது. அதனால் அவர் காதுக்காக வரவில்லை என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. மகள் தலையைக் குனிந்துகொண்டு, ஏற்கெனவே கலந்த பெயின்ட்டையே மறுபடி கலக்கிக்கொண்டிருந்தாள்.

நான் தடுக்கவில்லை. கல்யாணத்தை நானே முன்னால் நின்று நடத்தினேன். மாப்பிள்ளை நல்லவர், அதையும் எழுதிக்கொள்ளுங்கள். குடிக்க மாட்டார், கை நீட்ட மாட்டார், போட்டதைச் சாப்பிட்டுவிட்டு இன்னும் கொஞ்சம் கேட்பார். ஒரு ஆணி அடிக்கத் தெரியாது. "மாமா இருக்கும்போது எனக்கென்ன கவலை" என்பார். வாய் மட்டும் ஓயாது. அதை ஒரு குறையாக நான் சொல்லவில்லை.

ஊரின் அந்தக் கோடியில் வீடு பார்த்துக்கொண்டு போனார்கள். முதலில் வாரா வாரம் ஞாயிற்றுக்கிழமை வந்தார்கள். அப்புறம் ஒரு வாரம் விட்டு ஒரு வாரம். அப்புறம் போன். புதிதாகக் கல்யாணம் ஆனவர்கள், அப்படித்தான் இருப்பார்கள். எனக்குத்தான் கடையில் யாரிடம் என்ன நிறம் என்று கேட்பது எனத் தெரியவில்லை. பெயின்ட் டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு, "என்னம்மா சொல்றே?" என்று கேட்டுவிட்டுத் திரும்பிப் பார்ப்பேன். டயர் கடைக்காரர் எட்டிப் பார்த்து, "யாருகிட்ட பேசறீங்க?" என்பார். கஷ்டமாகத்தான் இருந்தது. வாய்விட்டுச் சொன்னால் நன்றாக இருக்காதே என்று சும்மா இருந்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டுவிட்டு மாப்பிள்ளை தூங்கும்போது அவர் வண்டியைக் கழுவினேன். காது ஓட்டைக்குள் சின்னதாக ஒரு உலோகப் புஷ் இருக்கும். போல்ட் எவ்வளவு இறுகினாலும் அந்தப் பாரம் பிளாஸ்டிக்கின் மேல் விழாமல் அது தாங்கிக்கொள்ளும். ஒரு காதின் புஷ்ஷை எடுத்துப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு, போல்ட்டை அரைச் சுற்றுக் கூடுதலாக முறுக்கினேன். அவ்வளவுதான் செய்தேன். அடுத்த சில நாளிலேயே மகள் போன் பண்ணினாள். "அப்பா, இன்னொரு காதும் போயிடுச்சுப்பா. கடகடன்னு சத்தம். மானம் போகுதுங்கறார்."

"ஞாயித்துக்கிழமை கொண்டுவாங்க" என்றேன்.

நான் ஒட்டிய காதில் கை வைக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். மற்றக் காதுகளில்தான். என் வேலையை நானே கெடுக்க மாட்டேன். ஆனால் மட்கார்டுக்கு இருப்பதோ நாலே காது. ஒவ்வொன்றாக உடைந்து, ஒவ்வொன்றாக நான் ஒட்டி, கடைசியில் நாலும் என் கையால் ஒட்டினதாகிவிட்டது, இனி உடையாது. கொஞ்ச நாள் யோசனையாக இருந்தது. அப்புறம் பார்த்தால் வண்டியில் பிளாஸ்டிக்குக்கா பஞ்சம்? சைடு பேனல் இருக்கிறது, ஹெட்லைட்டைச் சுற்றி ஒன்று இருக்கிறது, சீட்டுக்குப் பின்னால் ஒன்று இருக்கிறது. ஒரு கட்டத்தில் அந்த வண்டியில் கம்பெனிக்காரன் செய்ததைவிட நான் செய்ததுதான் அதிகம் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமைகள் நன்றாக இருந்தன. மகள் பெயின்ட் கலப்பாள், நான் ஒட்டுவேன், மாப்பிள்ளை ஸ்டூலில் உட்கார்ந்து யார் வீட்டுத் தண்ணீரில் என்ன புழு இருந்தது என்று சொல்லிக்கொண்டிருப்பார்.

ஒருநாள் அவர் சிரித்துக்கொண்டே வந்தார். வழியில் ஒரு மெக்கானிக் வண்டியைப் பார்த்தானாம். "இது தானா உடையாது சார், புஷ்ஷை எடுத்துட்டு முறுக்கினாத்தான் இப்படிப் போகும், யாரோ உங்களுக்கு நல்லாக் காது குத்தறாங்கன்னு சொல்றான் மாமா! வண்டிக்குக் காது, எனக்குக் காதுகுத்து!" என்று தொடையைத் தட்டிச் சிரித்தார். நானும் சிரித்தேன். மகள் சிரிக்கவில்லை. அவர் கை கழுவப் போனதும் என் பக்கத்தில் வந்து நின்றாள்.

"புஷ் எங்கப்பா?"

"விழுந்திருக்கும்மா. ரோடு அப்படி இருக்கு."

"மூணுமா?"

"ரோடு அப்படி."

அவள் என்னையே கொஞ்ச நேரம் பார்த்தாள். அப்புறம் பிரஷ்ஷை எடுத்துக் கழுவ ஆரம்பித்துவிட்டாள். அன்றைக்கு அவள் மேற்கொண்டும் கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் நான் நிறுத்தியிருப்பேன் என்று இப்போது தோன்றுகிறது. அப்போது அப்படித் தோன்றவில்லை.

இடமாற்றம் வந்தது அதற்கப்புறம்தான். "மாமா, ஒரு நல்ல சேதி" என்று ஆரம்பித்தார். பதவி உயர்வு, வேறு ஊர், வண்டியில் போனால் காலையில் கிளம்பிப் பொழுது சாயப் போய்ச் சேரலாம். கம்பெனியே வீடு கொடுக்கிறதாம். "சந்தோஷம் மாப்பிள்ளை" என்றேன். மகள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்ததால் இன்னொரு தடவையும், "ரொம்ப சந்தோஷம்" என்றேன்.

அந்த வாரம் அவர்கள் வீட்டு இரும்புக் கேட் காற்றில் சாத்திக்கொண்டு மட்கார்டின் மேல் விழுந்துவிட்டது. ஒரு பக்கத்துக் காது இரண்டும், கொஞ்சம் சதையோடு, தனியாகக் கையில் வந்துவிட்டன. நான் ஒட்டிய இடத்தில் உடையவில்லை, அதற்கு மேலே புது இடத்தில் உடைந்தது. இதை நான் செய்யவில்லை, கேட்தான் செய்தது. மாப்பிள்ளை, "போதும் மாமா, புது மட்கார்டே வாங்கிப் போட்டுடறேன். உங்களையும் எத்தனை தடவைதான் தொந்தரவு பண்றது" என்றார்.

மகள்தான் விடவில்லை. "வேண்டாங்க. நாமதான் போகப் போறோமே. கடைசியா ஒரு தடவை அப்பாவே ஒட்டட்டும்" என்றாள். எனக்குச் சந்தோஷமாக இருக்கும் என்றுதான் சொன்னாள். அவள் மனசு அப்படி.

ஒட்டினேன். இரண்டு காதிலும் கம்பி வைக்கவில்லை. மட்கார்டு ஒரு இனத்துப் பிளாஸ்டிக், நான் உருக்கி விட்டது வேறு இனம். அதன்மேல் பட்டி பார்த்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, பிரைமர் அடித்து, பெயின்ட் அடித்தேன். பெயின்ட்டை அவள்தான் கலந்தாள். அவ்வளவு அழகான வேலையை நான் என் ஆயுசில் செய்ததில்லை. வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தாலும் ஒட்டுத் தெரியவில்லை. அப்படி ஒட்டினது ஊருக்குள் ஓட்டினால் மாதக்கணக்கில் நிற்கும். காற்று அடியில் புகுந்து மட்கார்டைத் தூக்குகிற வேகம் வந்தால்தான் விடும்.

ஏன் என்று கேட்டீர்கள். ஒரு ஆள் விழுந்து காலை ஒடித்துக்கொண்டால் இடமாற்றம் தள்ளிப் போகும். கட்டுப் போட்டுக்கொண்டு எங்காவது படுத்திருக்க வேண்டும், பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். என் வீட்டில் இடம் இருக்கிறது. முன் அறையைக் கூட ஒழித்து வைத்தேன், நீங்கள் போய்ப் பார்த்தபோது ஒரு கட்டில் போட்டிருந்ததே, அது அதற்காகத்தான். புதுத் தலையணை கூட வாங்கினேன். நான் அவரை நன்றாகவே பார்த்துக்கொண்டிருப்பேன். அதில் உங்களுக்குச் சந்தேகம் வேண்டாம்.

கிளம்புகிற அன்று காலையில் இரண்டு பேரும் சொல்லிக்கொள்ள வந்தார்கள். வண்டியில் சேர்ந்தே போவதாகத்தான் அவர்கள் ஏற்பாடு. "இந்த வெயில்ல அவ எதுக்கு அவ்வளவு தூரம் பைக்ல? நான் பஸ்ல ஏத்திவிடறேன்" என்றேன். "அதானே, நீ சொகுசா ஜன்னலோரம் உட்கார்ந்துட்டு வா" என்று மாப்பிள்ளையும் சேர்ந்துகொண்டார். அவள் கீழே உட்கார்ந்து மட்கார்டின் அடியில் கட்டைவிரலை விட்டாள்.

"நல்லா வெச்சிருக்கீங்களாப்பா?"

"நீயே பாரு."

தடவிப் பார்த்தாள். கட்டம் கட்டமாகத் தட்டுப்பட்டது. தலையாட்டினாள்.

எல்லா நாளும் மாப்பிள்ளை கிளம்பும்போது, "மெதுவாப் போங்க" என்று சொல்வது என் வழக்கம். அன்றைக்கு, "பஸ் முன்னாடியே போய்ச் சேர்ந்துடும் மாப்பிள்ளை, தெரியாத ஊர்ல அவ தனியா நிப்பா, கொஞ்சம் விரட்டியே போங்க" என்றேன். "சரி மாமா" என்றார். சொன்ன சொல் தட்டாதவர்.

மகளை ஜன்னலோரம் உட்கார வைத்து, தண்ணீர் பாட்டில் வாங்கிக் கொடுத்துவிட்டுக் கடைக்கு வந்தேன். ஒரு ஸ்கூட்டர் பேனல் வேலை பாக்கி இருந்தது, அதை முடித்தேன். சாப்பிட்டேன். அதற்குப் பிறகுதான் போன் வந்தது. பெரிய ரோட்டில் பாலத்து இறக்கத்தில் மட்கார்டு இறங்கிச் சக்கரத்துக்கும் ஃபோர்க்குக்கும் நடுவில் சிக்கிக்கொண்டதாம். சக்கரம் அப்படியே நின்றுவிட்டது. பின்னால் லாரி. உடனே போயிருப்பார், வலி தெரிந்திருக்காது என்று டாக்டர் சொன்னார். எனக்கு அதில் ஒரு ஆறுதல்.

சேதி கேட்டு மகள் பாதி வழியில் பஸ்ஸைவிட்டு இறங்கி ஆஸ்பத்திரிக்கு வந்தாள், அங்கே அழவில்லை. உங்கள் ஸ்டேஷன் வாசலில் போட்டிருந்த வண்டிக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். போல்ட்டில் தொங்கிக்கொண்டிருந்த காதைத் தொட்டாள். உடைந்த ஓரத்தில் விரலை வைத்து ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரைக்கும் இழுத்தாள். நான் பின்னால்தான் நின்றிருந்தேன். கம்பி வைத்திருந்தால் உடைந்த ஓரத்தில் முள் முள்ளாக நீட்டிக்கொண்டிருக்கும், கையைக் கிழிக்கும். அவள் கையில் ஒன்றும் படவில்லை. திரும்பி என்னைப் பார்த்தாள். அப்புறம் எழுந்து உள்ளே உங்களிடம் வந்தாள்.

உங்களுக்குச் சொன்னது அவள்தான் என்று எனக்குத் தெரியும். வேறு யாருக்கும் அது தெரிந்திருக்க வாய்ப்பில்லை. மற்றவன் ஒட்டி உடைந்திருந்தால் அதற்குப் பெயர் மட்டமான வேலை. நான் ஒட்டி உடைந்ததால்தானே இங்கே உட்கார்ந்திருக்கிறேன். கோபம் ஒன்றும் இல்லை எனக்கு. தொழிலைச் சரியாகக் கற்றுக்கொண்டிருக்கிறாள் என்றுதான் நினைத்தேன்.

நேற்று வக்கீல் வந்திருந்தார். கெட்டிக்காரர். "பெரியவரே, அவசரத்துல கம்பி வைக்க மறந்துட்டேன்னு சொல்லுங்க. கவனக்குறைவோட போயிடும். நீங்க ஒட்டினது, அவர் வேகமாப் போனது, ரெண்டும் சேர்ந்து நடந்த விபத்து. பொண்ணுகிட்டயும் பேசிட்டேன், அதுவும் அப்படித்தான் இருக்கும்னு சொல்லத் தயாரா இருக்கு" என்றார். யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

மத்தியானம் அவளே வந்தாள். கம்பிக்கு அந்தப் பக்கம் நின்றாள். மெலிந்து போயிருந்தாள். சாப்பிட்டாயா என்று கேட்டேன்.

"அப்பா, மறந்துட்டேன்னு சொல்லுங்கப்பா."

அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"வக்கீலுக்காகக் கேக்கல. கோர்ட்டுல நீங்க என்ன வேணா சொல்லிக்கோங்க. என்கிட்ட மட்டும் சொல்லுங்க. வயசாச்சு, கண்ணு தெரியல, மறந்துட்டேன்னு ஒரே ஒரு வார்த்தை. நான் நம்பிக்கிறேன்ப்பா. எனக்கு நம்பணும்ப்பா. ஒட்டட்டும்னு நான்தானே சொன்னேன்."

அழுதாள். சின்ன வயதில்கூட அவள் அப்படி அழுது நான் பார்த்ததில்லை. எனக்கு மனசு கேட்கவில்லை. அந்த ஒரு வார்த்தையைச் சொல்லிவிட்டால்தான் என்ன என்று நாக்கு நுனிவரைக்கும் வந்தது. ஆனால் பாருங்கள், இத்தனை வருஷத் தொழிலில் கம்பி வைக்க நான் ஒருநாளும் மறந்ததில்லை. கண் தெரியாதவன் என்றும், கை மறந்தவன் என்றும் சந்தில் நாலு பேர் பேசுவதற்கு நான் எப்படி இடம் கொடுப்பேன்?

அதனால் உள்ளதைச் சொன்னேன். "மறக்கலைம்மா. வலையை வெச்சு அமுக்கித் தடம் மட்டும் எடுத்துட்டு, கம்பியை வெளியில எடுத்துட்டேன். நீ தடவிப் பார்ப்பேன்னு தெரியும்" என்றேன். இறக்கத்தில் வேகம் கூடும்போதுதான் விடும் என்பதும், அந்த ரோட்டில் எந்நேரமும் லாரி வரும் என்பதும், அந்த வேகத்தில் விழுகிறவன் எழுந்திருக்க மாட்டான் என்பதும் ஒட்டும்போதே தெரியும் என்று சொன்னேன். கட்டிலைப் பற்றிக் கேட்டாள். யாராவது கேட்டால் சொல்ல ஒன்று வேண்டுமே என்று போட்டேன் என்றேன். எங்கே உடைய வேண்டும் என்று நினைத்தேனோ அங்கேதான் உடைந்தது. அதில் பிசகே இல்லை.

அவள் கம்பியை விட்டுவிட்டுத் தன் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அப்புறம் போய்விட்டாள். இன்றைக்கு வரவில்லை. இனி வரமாட்டாள் என்று வக்கீல் சொல்கிறார், அவருக்கு என் மகளைத் தெரியாது. கோபம் ஆறினால் வருவாள். அவள் கேட்டாள் என்பதற்காக, பெற்ற மகளிடம் போய் நான் எப்படிப் பொய் சொல்ல முடியும், நீங்களே சொல்லுங்கள்.